ஆற்றில் மூழ்கிய கடற்கோடு

நலம் பெருகுக. வேண்டும் வேளையில் மழை பெய்க. வேண்டும் பக்கமிருந்து காற்று வீசுக.

நெட்டாறு பாயும் பூம்புனல் நாட்டின் காவலரும், மதகுகளைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உடையவருமான புனற்கோ வயமானார் திருவாய் மலர்ந்தபடி, கடல் சூழ்ந்த சங்குமுனை நாட்டை ஆள்பவரும், முத்துக்குளிப்போர்க்குத் தலைவியும், வெண்ணிற உப்பளங்களுக்கு உரிய அரசியுமான பெருந்திரை நாச்சியார் திருமுன் இவ்வோலை பணிந்து வைக்கப்படுகிறது. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் அளங்களில் உப்பு பூத்துக் குவிக. தங்கள் குடிகள் ஒருவரும் பசியோடு படுக்காதிருக்க.

முறைப்படி வாழ்த்துகள் இன்னும் சில உண்டு. ஆயினும் தாங்கள் இவ்வோலையை எந்த மனநிலையில் பிரிப்பீர்கள் என்பது தெரிந்திருப்பதால், முதலில் சொல்ல வேண்டியது முதலிலேயே சொல்லப்படுகிறது. தங்கள் மீகாமன் சேந்தன் உயிரோடு இருக்கிறார். தலை கழுத்தின் மேல்தான் இருக்கிறது. அவர் ஓட்டி வந்த கப்பலில் ஒரு பலகையும் உடைக்கப்படவில்லை. நாச்சியார் ஒரு மூச்சு நன்றாக விட்டுவிட்டு மீதியைப் படிக்கலாம்.

இனி, தீர்ப்பு நாளன்று எவர் எவர் எங்கே இருந்தார்கள் என்பது.

தலைநகர் கரையகத்தின் உள்துறையில், தென்கரைப் படித்துறையில் அவை கூடிற்று. மேற்படியில் கல்லிருக்கையில் புனற்கோ ஆற்றைப் பார்த்து வடக்கு நோக்கி அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், விருந்தினர்க்கு விரிக்கும் கோரைப்பாயில், தங்கள் தூதர் ஆதனார் இருந்தார். இடப்பக்கம், வழக்குகளைத் தீர்க்கும் அறநாயகம் வேங்கைகிழார், முதுகுவலி என்று திண்டு கேட்டு வாங்கிச் சாய்ந்திருந்தார். நடுப்படியில் எங்கள் துறைமுகத்துக்குப் பொறுப்பான துறைநாயகம் கொற்றனாருக்கு மணை போடப்பட்டிருந்தது, அவர் உட்காரவில்லை. அதே படியின் ஓரத்தில், மூடிய கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மனைவி செங்கோதையார் இருந்தார். கீழ்ப்படியை ஒட்டிய ஈரமணலில், அரசருக்கு முதுகும் ஆற்றுக்கு முகமுமாக, கைகள் கட்டப்பட்டு, மீகாமன் சேந்தன் இருத்தப்பட்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்பு வரும்வரை ஆற்றையே பார்த்திருக்க வேண்டும், திரும்பக் கூடாது, அவரோடு எவரும் பேசவும் கூடாது என்பது எங்கள் நாட்டு வழக்கம். மருதமரத்தடியில், துணி சுற்றிய வாளோடு ஒருவர் நின்றார். அவர் வேலை என்ன என்பதை எழுத வேண்டியதில்லை.

துறையில் கட்டியிருந்த ஓடங்களில் ஒருவரும் உட்காரவில்லை, உட்காரவும் விடப்படவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. அது தன் இடத்தில் வரும்.

அவையில் பேசிய சொல் பேசியபடியே எழுதப்பட வேண்டும் என்று தங்கள் தூதர் கேட்டுக்கொண்டார். ஆகவே ஓலைக்குரிய நடையில் பேச்சுநடை கலந்து வருவதைப் பொறுத்தருள வேண்டும். துறைநாயகம் வீட்டில் நடந்தவை அவரும் அவர் மனைவியும் தனித்தனியே சொன்னவை. இரண்டும் ஒத்திருந்தன. தீர்ப்பு நாளன்று கொற்றனார் எத்தனை தரம் சோறு வாங்கினார் என்ற ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

நடந்தது இது.

முந்தைய ஆண்டுகளில் உப்புக் கப்பல்களின் அடியில் இரும்பு வேல்முனைகள் ஒளித்து ஏற்றப்பட்டு, மலைவழிக் கொள்ளையருக்குப் போய்ச் சேர்ந்ததை நாச்சியார் அறிவீர்கள். அதைத் தடுக்க வழி கேட்டபோது, கொற்றனார்தான் எழுந்து ஒரு யோசனை சொன்னார். கப்பலில் பாரம் ஏறினால் கப்பல் தாழும். ஆகவே உப்பு ஏற்றி முடித்தவுடன், தண்ணீர் தொடும் இடத்தில் பலகையில் ஒரு கோடு வெட்டிச் செங்காவி பூசிவிட வேண்டும். வழியில் எவராவது எதையாவது ஏற்றினால் கோடு நனைந்து காட்டிக்கொடுக்கும். மனிதர் பொய் சொல்லலாம், கோடு சொல்லாது என்றார். இரு நாடும் மகிழ்ந்து ஏற்றன. கொற்றனாரும் அந்த மகிழ்ச்சியில் ஒரு சுற்றுப் பருத்தார் என்று அவர் மனைவி சொல்கிறார்.

அதுவரை கடற்கப்பல்கள் ஆற்றுமுகத்துக்கு வெளியிலேயே நின்று, சரக்கைச் சிறு ஓடங்களுக்கு மாற்றிவிட்டுத் திரும்பிவிடும். மணல்மேடு வெட்டி அகற்றப்பட்டு, ஒரு கடற்கப்பல் ஆற்றுக்குள் புகுந்து கரையகம் வரை வந்தது இதுவே முதல்முறை. இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடலில், இரு நாட்டாரும் பார்த்திருக்க, கோடு வெட்டப்பட்டது. சேந்தன் கயிற்றில் தொங்கியபடி அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சொன்ன சத்தியம்: "உள்துறை சேர்ற வரைக்கும் இந்தக் கோடு தண்ணிக்கு மேல நிக்கும். முழுகினா என் தலையை எடுத்துக்கங்க."

கப்பல் கரையகம் வந்து சேர்ந்த காலையில் ஊரே துறையில் திரண்டிருந்தது. கொற்றனார் புதுவேட்டி கட்டிக்கொண்டு ஓடத்தில் ஏறிக் கப்பலைச் சுற்றி வந்தார். கோடு கண்ணில் படவில்லை. எதிர்ப்பக்கம் இருக்கும் என்று நினைத்து மறுபடி சுற்றினார். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். இரண்டு விரற்கடை ஆழத்தில் வெட்டு தட்டுப்பட்டது.

"மீகாமரே, கோடு எங்க?"

"கப்பல்லதான் இருக்கு ஐயா. கழட்டி ஆணியிலயா மாட்டி வச்சிருக்கேன்?" என்றார் சேந்தன் மேலிருந்து.

"குனிஞ்சு பாரும்."

சேந்தன் குனிந்து பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிறகு, "உங்க கோடு குடிச்சிருக்கு ஐயா. என் கப்பல் ஒண்ணும் குடிக்கல" என்றார். கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

மூட்டைகள் எல்லாம் கரையில் இறக்கப்பட்டன. வழியில் பனி குடித்து உப்பு கனத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னதால் எல்லாவற்றையும் நிறுத்தார்கள். ஏற்றியபோது இருந்த எடைதான் இருந்தது. அடித்தட்டில் நீர் புகுந்திருக்கலாம் என்று பார்த்தார்கள், காய்ந்து கிடந்தது. பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார்கள். இரும்பு என்று சொல்ல நங்கூரமும் சமையல் அகப்பையும்தான் இருந்தன, அவை இரண்டும் கோடு போட்டபோதே இருந்தவை.

ஆனால் வேங்கைகிழார் சட்டத்தை எடுத்து முன்னே வைத்தார். மீகாமன் சத்தியம் செய்தது இரும்பின்மேல் அல்ல, கோட்டின்மேல். இரும்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோடு மூழ்கிவிட்டது, சத்தியம் உடைந்துவிட்டது. தங்கள் தூதர் ஆதனார் கொதித்தெழுந்து, குற்றம் இல்லாத இடத்தில் தண்டனை எப்படி வரும் என்று கேட்டார். புனற்கோ முழுநிலா நாள் வரை கெடு கொடுத்தார். அதற்குள், கோடு போட யோசனை சொன்ன கொற்றனாரே அது மூழ்கிய காரணத்தைக் கண்டு சொல்ல வேண்டும். இல்லையேல் சத்தியப்படி தலை போகும் என்பது ஆணை.

அன்று மாலை காவல் கொட்டடிக்குப் போன கொற்றனாரிடம் சேந்தன் கேட்டது: "பொய் சொல்லாத கோடுன்னு நீர்தானே சொன்னீர்? இப்ப அதுகிட்டயே போய்க் கேளும், எதை ஏத்தினோம்னு."

கப்பலைக் கொற்றனாரே சோதித்திருந்தார். அதில் ஒன்றும் ஏற்றப்படவில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். பாரம் ஏறாமல் கப்பல் தாழாது என்பதும் அவருக்கு அதே அளவு உறுதியாகத் தெரியும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்றைப் பொய் என்று காட்டாவிட்டால், தாம் பெருமையோடு சொன்ன ஒரு யோசனைக்காக ஒரு மனிதனின் கழுத்து போகப் போகிறது. அந்த நாள்களில் துறைக்குப் போகும்போதெல்லாம் மருதமரத்தடி வழியைத் தவிர்த்துச் சுற்றுவழியாகவே போனார்.

ஒரு நண்பகல். கொற்றனார் இலைமுன் உட்கார்ந்திருந்தார். செங்கோதையார் சற்றுத் தள்ளி, விதைநெல் தேற்றும் வேலையில் இருந்தார். எங்கள் நாட்டில் விதைப்புக்கு முன் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை அது. தொட்டியில் நீர் நிரப்பி ஒரு கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை அடியில் போய்க் கிடக்கும். கைகையாய் உப்பு போட்டுக் கலக்கக் கலக்க, ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து வழுக்கைத் தலையைக் காட்டும். அப்போது நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவிளைச்சலும் மிதக்கும். முற்றிய மணி மட்டும் அடியில் தங்கும்.

"சோறு ஆறுது. இலையை நீங்க பார்க்கறீங்களா, இலை உங்களைப் பார்க்குதா?" என்றார் செங்கோதையார், கலக்கிக்கொண்டே.

கொற்றனார் இலையைப் பார்க்கவில்லை. முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் பார்க்கும் முட்டைதான். அடியில் கிடந்தது அசைந்தது, நிமிர்ந்தது, மெல்ல மேலே வந்தது.

"கோதை, முட்டையை மாத்திட்டியா?"

"முட்டையை யாராவது மாத்துவாங்களா? உப்பு போட்டேன்."

"போட்டதும் முட்டை கனம் குறைஞ்சுதோ?"

"எடுத்து நிறுத்துக்கங்க. நம்பலேன்னா கோழிகிட்டப் போய்க் கேளுங்க."

அவர் உண்மையாகவே எழுந்து, மருந்து நிறுக்கும் சிறு துலாக்கோலை எடுத்து வந்து நிறுத்தார். நல்ல தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, நிறுத்தார். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்து, துடைத்து, நிறுத்தார். கோல் இம்மியும் சாயவில்லை. மறுபடி நல்ல தண்ணீரில் விட்டார். முட்டை அடிக்குப் போயிற்று. உப்பு நீரில் விட்டார்; மேலே வந்தது.

"முட்டை மாறல" என்றார் கொற்றனார் மெல்ல. "தண்ணிதான் மாறியிருக்கு."

"இதைச் சொல்லவா இத்தனை நேரம்? கையைக் கழுவிட்டு ஓடுங்க" என்றார் செங்கோதையார். அவர் கழுவாமலேயே ஓடினார்.

அரண்மனையில் வேங்கைகிழார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முட்டை கப்பலாகுமா, துறைநாயகமே?"

ஆகாது என்று கொற்றனாரும் ஒப்புக்கொண்டார். ஆகவேதான் ஒரு சோதனைக்கு அனுமதி வேண்டும் என்றார். ஓர் ஓடத்தில் மணல்மூட்டை ஏற்றி, கடலில் நிறுத்தி, கோடு வெட்டி, ஆற்றின் வழியே உள்துறைக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் ஒரே ஒரு பொருள் மட்டுமே மாற வேண்டும். அது ஓடத்தைச் சுற்றியுள்ள நீர். மற்றது எதுவும் மாறக் கூடாது. அப்படி வந்தும் கோடு மூழ்கினால், மூழ்கடித்தது நீரே அன்றி மனிதர் அல்லர் என்று தெரிந்துவிடும்.

புனற்கோ இசைந்தார். வேங்கைகிழார் எதிர்க்கவில்லை, ஆனால் ஓட்டை தேடுவதில் அவருக்கு நிகர் இல்லை. துடுப்பு போடுகிறவன் வழியில் தின்று கனத்துவிட்டால் என்றார். சரி, ஆளே வேண்டாம், இரு கரையிலிருந்தும் கயிறு கட்டி இழுத்து வரலாம் என்று முடிவாயிற்று. மழை பெய்தால் என்றார். மெழுகு பூசிய துணி போர்த்தப்பட்டது. ஓட்டம் உள்ள நீரில் ஓடம் ஆடும், அங்கே பார்த்தால் கணக்காகாது என்றார். அலையாத மடுவில் நிறுத்திப் பார்ப்பது என்றாயிற்று. கொக்கு வந்து உட்கார்ந்தால் என்று தங்கள் தூதர் ஆதனார் தம் பங்குக்குக் கேட்டார். கொக்கு விரட்ட இரண்டு பேர் அமர்த்தப்பட்டார்கள். மூட்டைகளின் கட்டில் இரு நாட்டு முத்திரையும் வைக்கப்பட்டது. தீர்ப்பு நாளன்று ஓடங்களில் ஒருவரையும் உட்கார விடாததற்குக் காரணம் இதுவே. எவரோ தாவி ஏறி ஓடத்தை அமுக்கிவிட்டார் என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது என்று கொற்றனார் விரும்பினார்.

ஓடம் கடலிலிருந்து புறப்பட்டபோது கோடு நீரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கொற்றனார் கரையோடு கரையாக நடந்தே வந்தார். அவர் மனநிலையை நாச்சியார் எண்ணிப் பார்க்க வேண்டும். கோடு மூழ்கக் கூடாது என்பதற்காகவே கோடு போட்டவர், இப்போது மூழ்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே நடந்தார். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர்ப் பகுதியில் ஓடத்தை நிறுத்திப் பார்த்தபோது செங்காவியின் கீழ்விளிம்பு நனைந்திருந்தது. இரு நாட்டுக் காவலரும் பார்த்தார்கள். தாம் விரும்புவதைத்தான் கண் காண்கிறதோ என்று கொற்றனாருக்கே ஐயம்.

தீர்ப்பு நாள் காலை, முன்னே சொன்ன இருக்கைகளில் அவரவர் அமர்ந்தபின், ஓடம் மடுவுக்குள் இழுக்கப்பட்டது. வேங்கைகிழார் திண்டை விட்டெழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். தங்கள் தூதரும் இறங்கினார். இருவரும் நீரில் கைவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு விரற்கடை ஆழத்தில் கோடு இருந்தது. சிறிய ஓடம் என்பதால் கப்பல் அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் மூழ்கித்தான் இருந்தது. முத்திரைகள் உடையவில்லை. மூட்டைகளை நிறுத்தார்கள், எடை மாறவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த சேந்தனுக்கு அந்த மடு கண்ணுக்குத் தெரியாத வளைவில் இருந்தது. அவர் கழுத்து மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

வேங்கைகிழார் சொன்னது: "மூழ்குறதைப் பார்த்துட்டேன். ஏன் மூழ்குதுன்னு தெரியல. காரணம் தெரியாம ஒருத்தர் தலையை எடுக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். காரணத்தைச் சொல்லும்."

கொற்றனார் ஒரே அளவான இரு செம்புகளைக் கொண்டுவரச் செய்தார். ஒன்றில் ஆற்றுமுகத்துக்கு வெளியே மொண்டு வந்த கடல்நீர். மற்றொன்றில் படித்துறை நீர். இரண்டும் விளிம்பு வரை நிரப்பப்பட்டுத் துலாக்கோலின் இரு தட்டிலும் வைக்கப்பட்டன. கடல்நீர் வைத்த தட்டு தாழ்ந்தது. செம்பில் வேறுபாடு இருக்கலாம் என்று வேங்கைகிழார் நீரை மாற்றி ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். இப்போதும் கடல்நீரே தாழ்ந்தது.

அதன்பின் கொற்றனார் விளக்கியதன் சாரம் இது. மிதக்கும் பொருள் எதுவானாலும், தன் எடை எவ்வளவோ அவ்வளவு எடையுள்ள நீரை ஒதுக்கிவிட்டுத்தான் தனக்கு இடம் பிடித்துக்கொள்கிறது. கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் ஒவ்வொரு செம்பும் கனம் அதிகம். ஆகவே கொஞ்சம் நீரை ஒதுக்கினாலே கப்பலின் எடைக்கு ஈடாகிவிடும். கப்பல் உயர்ந்து நிற்கும். ஆற்றுநீர் செம்புக்குச் செம்பு கனம் குறைவு. அதே கப்பல் அதே எடைக்கு ஈடு செய்ய இன்னும் அதிக நீரை ஒதுக்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் அமிழ்ந்துதான் ஆக வேண்டும். கப்பல் கனக்கவில்லை, தாங்குகிற நீரின் கனம் குறைந்துவிட்டது. அதனால் கோடு தாழ்ந்தது.

புனற்கோ தலையசைத்தார். ஆனாலும் கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தில் தெளிவில்லை. அப்போதுதான் செங்கோதையார் கூடையைத் திறந்தார். உள்ளே வாய் அடைத்த ஒரு மண்குடுவை. அடியில் மணல் போட்டு, பக்கத்தில் ஒரு கரிக்கோடு போட்டிருந்தது. யானைக்கு நீர் காட்டும் மரத்தொட்டி நடுப்படிக்கு வந்தது, ஆற்றுநீர் நிரப்பப்பட்டது. குடுவையை மிதக்கவிட்டார்கள். கோடு நீருக்கு அடியில் இருந்தது. பிறகு, சேந்தன் கொண்டுவந்த உப்பிலேயே ஒரு மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினார்கள். கலக்குவதற்கு வேங்கைகிழாரே தம் ஊன்றுகோலைக் கொடுத்தார். கொடுத்தவர் பொறுக்கமாட்டாமல் பிடுங்கித் தாமே கலக்கவும் தொடங்கினார்.

தொட்டி சேந்தனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் கோல் நீரில் அடிக்கும் ஓசையும், ஊரே மூச்சை அடக்கிய அமைதியும்தான். கடைசியில் அவரால் முடியவில்லை.

"என்னங்க ஆச்சு? யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

குற்றம் சாட்டப்பட்டவரோடு பேசக் கூடாது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏறுது அண்ணே" என்றார் செங்கோதையார். "ஏறிக்கிட்டே இருக்கு. இதோ, கோடு வெளிய வந்துடுச்சு."

வேங்கைகிழார் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் கலக்கிக்கொண்டிருந்தார். குடுவையின் கரிக்கோடு நீரைவிட்டு நன்றாக மேலே வந்து, காய்ந்து, எல்லாரும் பார்க்க நின்றது. படித்துறையில் எழுந்த ஆரவாரத்தில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பின. விரட்ட அமர்த்திய இருவரும் பழக்கத்தில் அவற்றின் பின்னே ஓடினார்கள்.

புனற்கோ எழுந்து நின்று சொன்னது ஒரு வரிதான்: "மீகாமரை இந்தப் பக்கம் திருப்பி உட்கார வையுங்க."

கட்டு அவிழ்க்கப்பட்டது. சேந்தன் திரும்பினார். முதலில் அரசரைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். எழுந்து வந்து, குடுவையை ஒரு விரலால் அமுக்கிவிட்டு, அது மறுபடி மேலே வருவதைப் பார்த்தார். இன்னொரு தரமும் அமுக்கிப் பார்த்தார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். எவரும் அவசரப்படுத்தவில்லை. மருதமரத்தடியில் நின்றவர் வாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது கூட்டத்தில் அவர்தான் அதிகம் சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்ட சேந்தன், கொற்றனாரைப் பார்த்து, "உங்க கோட்டை நான் குடிகாரன்னு திட்டினேன். மன்னிச்சுக்கங்க. அது உள்ளதைத்தான் சொல்லியிருக்கு, நமக்குத்தான் கேட்கத் தெரியல" என்றார்.

"என் கேள்விதான் தப்பு" என்றார் கொற்றனார். "எவ்வளவு ஏத்தியிருக்குன்னு மட்டும் கேட்டேன். எந்தத் தண்ணியில நிக்குதுன்னு கேட்கல." அவர் அப்போதுதான் தமக்குப் போட்டிருந்த மணையில் உட்கார்ந்தார்.

ஆதனாரின் கோரைப்பாயில் சேந்தனுக்கு இடம் கொடுக்கப்பட்டது. உப்புநீரும் வீணாகவில்லை, செங்கோதையார் தம் வீட்டு விதைநெல் பாதி தேறாமல் கிடக்கிறது என்று தொட்டியோடு கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று துறைநாயகம் வீட்டில் சாப்பிட்டாரா என்று கேட்டதற்கு, மூன்று தரம் சோறு வாங்கினார் என்று மனைவியும், இரண்டு தரம் என்று கணவரும் சொல்கிறார்கள்.

இனி, புனற்கோவின் ஆணை. இதனை நாச்சியாரும் தம் நாட்டில் இசைந்து நடத்த வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இரு நாட்டுக் கப்பல்களிலும் இனி ஒரு கோடு அல்ல, இரு கோடுகள் வெட்டப்படும். கீழே இருப்பது கடற்கோடு. கடலில் பாரம் ஏற்றும்போது நீர் அதைத் தொட்டு நிற்க வேண்டும். அதற்கு மேலே இருப்பது ஆற்றுக்கோடு. அதே கப்பல் ஆற்றுக்குள் வந்தபின் நீர் அதைத் தொட்டு நிற்கும். அதையும் தாண்டி நீர் ஏறினால் மட்டுமே பாரம் கூடிற்று என்று கொள்ளப்படும். கப்பலுக்குக் கப்பல் உருவம் மாறுவதால், இரு கோட்டுக்கும் இடையே எத்தனை விரற்கடை என்பதை ஒவ்வொரு கப்பலையும் இரு நீரிலும் நிறுத்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதற்குப் போடலாகாது. தலையை ஈடு வைக்கும் சத்தியம் இன்றோடு நீங்கிற்று. சோதித்துப் பாராத எந்த அளவின்மேலும் எவருடைய உயிரையும் வைக்கலாகாது என்ற வரியை வேங்கைகிழாரே கேட்டுச் சேர்க்கச் சொன்னார்.

இவ்வோலையில் உள்ளதை நாச்சியார் நம்ப வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே கேட்கிறோம். சேந்தனின் கப்பலில், வந்தபோது இருந்த உப்பின் எடைக்கு எடை நெல் ஏற்றப்பட்டிருக்கிறது. பழைய கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே புதிய ஆற்றுக்கோடு வெட்டப்பட்டு, இப்போது உள்துறை நீர் அதைத் தொட்டு நிற்கிறது. தங்கள் காவலரை ஆற்றுமுகத்துக்கு அனுப்பி வையுங்கள். கப்பல் கடலில் இறங்கியதும், மூழ்கிக் கிடக்கும் பழைய கோடு தானாக எழுந்து நீருக்கு மேலே வர வேண்டும். எவரும் ஒரு பிடி நெல்லையும் இறக்காமல் அது வர வேண்டும். வராவிட்டால் இவ்வோலையின் ஒவ்வொரு வரியையும் பொய் என்று கொண்டு, எங்களிடம் விளக்கம் கேட்க நாச்சியாருக்கு முழு உரிமை உண்டு.

ஏடுகள் அடுக்கப்பட்டுவிட்டன. கயிறு கோத்தாயிற்று. முத்திரைக்கு மண் குழைத்து வைத்திருக்கிறது. புனற்கோ மீன்கொத்தி முத்திரையை அழுத்தும்வரை இன்னும் ஓரிரு வரிக்கு இடம் இருப்பதால், இப்போது கண்ணெதிரே நடப்பது மட்டும் சேர்க்கப்படுகிறது. சேந்தன் கப்பலேறும் முன், கப்பலை ஒட்டிய படியில் குப்புறப் படுத்து, மணிக்கட்டுவரை கையை ஆற்றுக்குள் விட்டிருக்கிறார். மூழ்கியிருக்கும் பழைய கோட்டின்மேல், அன்று சத்தியம் செய்த அதே உள்ளங்கை இருக்கிறது. கொற்றனார் அருகில் குந்தியிருக்கிறார்.

"இரு, கடல்ல பார்த்துக்கலாம்" என்கிறார் சேந்தன் கோட்டிடம்.

மண் ஒட்டிற்று, முத்திரை விழுந்தது. ஓலை சேந்தன் கைக்கே போகிறது. எழுதியவன் ஓலைநாயகம் ஆற்றூர்க் கூத்தன்; கண்டது கண்டபடி, கூட்டியதும் குறைத்ததும் இல்லை. காற்று நல்ல பக்கமிருந்து வீசுகிறது.